விறுவிறுப்பு எங்கே பிறக்கிறது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு இருபது நிமிடம் என்றால், பதினெட்டில் முடிப்பதுதான் மரியாதை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்கம் நடத்தும் கல்லூரிகளுக்கு இடையேயான கூடைப்பந்துப் போட்டி பற்றி நேற்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வருஷமும் இரண்டே இரண்டு கல்லூரிகள்தான் மாறி மாறிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். மற்ற அணிகள் வந்து, ஐம்பது பாயிண்ட் வித்தியாசத்தில் உதை வாங்கி, இரவு பஸ் ஏறிப் போகின்றன. போன வருஷம் முதல் சுற்றிலேயே நம் பையன்கள் 91-38 என்று தோற்றார்கள். இடைவேளையிலேயே பாதிக் கூட்டம் கேன்டீனுக்குப் போய்விட்டது. "அந்த இரண்டு அணியையும் அடுத்த வருஷம் கூப்பிடாம விட்டா என்ன? ஆட்டம் எல்லாம் நெருக்கமா இருக்கும், கூட்டமும் உட்காரும்" என்பதுதான் அந்த யோசனை.

சொன்னவர் பொறாமையில் சொல்லவில்லை. அந்த அணிகளின் பையன்கள் விளையாட்டு விடுதியில் தங்கி, காலையும் மாலையும் பயிற்சி எடுக்கிறார்கள். நம் பையன்கள் லேப் முடித்து, ரெக்கார்டு எழுதி, வெளிச்சம் போவதற்குள் கோர்ட்டுக்கு ஓடி வருகிறவர்கள். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

இருந்தாலும் அந்த யோசனை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்தை உலகத்திலேயே பெரிய அளவில் நடத்துகிற நாடு அமெரிக்கா. இதே கேள்வி அங்கே பல முறை எழுந்து, பல விதமாகப் பரீட்சை செய்தும் பார்த்தாகிவிட்டது. அந்த அனுபவம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது, எடுத்துக்கொள்வோமே.

முதலில் நெருக்கமான ஆட்டத்தின் பக்கம். அதில் சுவை இல்லை என்று யார் சொல்ல முடியும்? 1983 இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி தொடர்ந்து 26 ஆட்டங்களில் ஜெயித்துவிட்டு வந்தது. எதிரே வடக்குக் கரோலினா ஸ்டேட். கடைசி நொடிகளில் 52-52. தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடையை எட்டாமல் கீழே இறங்கியது. அதை லோரன்சோ சார்லஸ் என்ற வீரர் எகிறிப் பிடித்து அப்படியே வளையத்துக்குள் திணித்தார். 54-52. நேரமும் முடிந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் ஜிம் வல்வானோ, கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானத்தில் அங்கும் இங்கும் ஓடிய காட்சியை இன்றைக்கும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

ஆனால் நெருக்கமாக இருந்தாலே ஆட்டம் சுவையாகிவிடுமா? அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம், 1982 மார்ச்சில், வடக்குக் கரோலினா பல்கலைக்கழகமும் வர்ஜீனியாவும் தங்கள் வட்டார இறுதி ஆட்டத்தில் மோதின. ஒரு பக்கம் இளம் மைக்கேல் ஜோர்டன், இன்னொரு பக்கம் ஏழடிக்கு மேல் உயரமான ரால்ஃப் சாம்ப்ஸன். ஸ்கோர் 47-45. இரண்டே பாயிண்ட் வித்தியாசம்! காகிதத்தில் பார்த்தால் நெஞ்சு துடிக்க வேண்டும். நடந்தது என்ன? ஒரு பாயிண்ட் முன்னிலை கிடைத்ததும் வடக்குக் கரோலினா கூடைப் பக்கமே போகாமல், சுமார் ஏழு நிமிடம் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டது. அன்றைய விதிப்படி அது தப்பில்லை. தொலைக்காட்சியில் பார்த்த ஜனங்கள் கடுப்பாகிவிட்டார்கள். பந்து கைக்கு வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிந்தே ஆக வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. 1985-86 பருவத்திலிருந்து ஆண்கள் ஆட்டத்தில் 45 நொடி என்று விதி வந்தது. அது 1993-94-ல் 35 நொடியாகி, 2015-16-ல் 30 நொடியாகக் குறைந்தது.

ஆக, ஸ்கோர் நெருக்கம் என்பது வேறு, ஆட்டத்தின் விறுவிறுப்பு என்பது வேறு. பலவீனமான இரண்டு அணிகள் 31-30 என்று முடித்தாலும் அது நெருக்கமான ஆட்டம்தான். அந்த அணிகளின் அப்பா அம்மாவைத் தவிர வேறு யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இப்போது அடுத்த பக்கம். யாராலும் அசைக்க முடியாத அணி என்றால் முதலில் சொல்ல வேண்டியது லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. அணி. பயிற்சியாளர் ஜான் வுடன். 1964 முதல் 1975 வரை 12 வருஷத்தில் 10 தேசியப் பட்டங்கள். அதில் 1967 முதல் 1973 வரை ஏழு பட்டங்கள் தொடர்ச்சியாக. 1971 ஜனவரியிலிருந்து 1974 ஜனவரி வரை 88 ஆட்டங்கள் தோல்வியே இல்லை.

நான் இன்ஜினியர், கணக்குப் போடாமல் பேச்சு வராது. நூறு ஆட்டத்தில் 95-ல் ஜெயிக்கக்கூடிய ஒரு பிரமாதமான அணியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணி தொடர்ந்து 88 ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 0.95-ஐ 88 தடவை பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1 சதவீதம்! நூறில் 99 ஜெயிக்கிற அணிக்குக்கூட 41 சதவீதம்தான். ஆக, 88 என்பது வெறும் எண் இல்லை. மூன்று வருஷம் ஒரு நாள்கூடக் காய்ச்சல், சோம்பல், அலட்சியம் எதுவும் ஆட்டத்தைக் கெடுக்க விடவில்லை என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட அணி எதிராளியை நசுக்கும்போது பார்க்க அலுப்பாக இருக்காதா? எப்போதும் இல்லை. 1973 இறுதி ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ. மெம்ஃபிஸ் ஸ்டேட்டை 87-66 என்று வென்றது. 21 பாயிண்ட் வித்தியாசம். ஆனால் அன்று பில் வால்டன் என்ற வீரர் கூடையை நோக்கி எறிந்தது 22 தடவை, உள்ளே விழுந்தது 21 தடவை. மொத்தம் 44 பாயிண்ட். அந்த ஆட்டத்தை யாரும் "ஒருதலைப்பட்சம்" என்று ஒதுக்குவதில்லை. நல்ல வித்வான் கச்சேரியில் போட்டிக்கு ஆள் இல்லையே என்று யார் எழுந்து போகிறோம்?

சரி, பட்டிமன்ற நடுவர் மாதிரி "இதுவும் சரி, அதுவும் சரி" என்று முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அதற்கும் மேலே இருக்கிறது. நாம் காலத்துக்கும் நினைவு வைத்திருக்கும் நெருக்கமான ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஒரு ஜாம்பவான் நிற்கிறான்.

1968 ஜனவரி 20. ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் என்ற பிரம்மாண்டமான பேஸ்பால் அரங்கம். நடுவில் ஒரு கூடைப்பந்துக் கோர்ட்டைப் போட்டார்கள். வந்த கூட்டம் 52,693 பேர். 47 ஆட்டம் தோற்காமல் வந்திருந்த யு.சி.எல்.ஏ.வை ஹூஸ்டன் 71-69 என்று வென்றது. எல்வின் ஹேஸ் 39 பாயிண்ட். பருவத்தின் நடுவில் நடந்த ஒரு கல்லூரி ஆட்டத்தை நாடு முழுவதும் மாலை நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த 47 இல்லாவிட்டால் இந்த 52,693 ஏது? இரண்டு மாதம் கழித்து அதே அணிகள் அரையிறுதியில் மோதி, யு.சி.எல்.ஏ. 101-69 என்று பழி தீர்த்தது. ஆனால் "நூற்றாண்டின் ஆட்டம்" என்று பெயர் வாங்கியது ஜனவரி ஆட்டம்தான்.

அந்த 88 ஆட்டத் தொடர் முடிந்த நாளும் அப்படித்தான். 1974 ஜனவரி 19, நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானம். கடைசி மூன்றரை நிமிடம் இருக்கும்போது யு.சி.எல்.ஏ. 70-59 என்று முன்னணியில் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு பாயிண்ட்கூட வரவில்லை. நோட்ரடாம் வரிசையாக 12 பாயிண்ட் எடுத்து 71-70 என்று முடித்தது. சாதாரண அணியை ஒரு பாயிண்டில் ஜெயித்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பார்கள்.

இன்னும் ஒன்று. தேசியப் போட்டியில் தரவரிசையில் 1-ஆம் இடத்து அணியும் 16-ஆம் இடத்து அணியும் முதல் சுற்றில் மோதும். 1985-ல் 64 அணிகளாக விரிந்ததிலிருந்து, ஆண்கள் போட்டியில் இப்படி 135 ஆட்டம் நடந்தது. 135-லும் பெரிய அணியே ஜெயித்தது. 2018-ல் 136-ஆவது ஆட்டம். யு.எம்.பி.சி. என்ற அதிகம் பேர் கேள்விப்படாத மேரிலாண்ட் கல்லூரி அணி, நாட்டின் முதல் இடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. இருபது பாயிண்ட் வித்தியாசம்! அது நெருக்கமான ஆட்டமே இல்லை. ஆனாலும் அன்றிரவு அமெரிக்கா தூங்கவில்லை. அந்த ஒரு ஆட்டத்துக்கு விலை ஏற்றியது அதற்கு முன் நடந்த 135 ஒருதலை ஆட்டங்கள்தான். தோற்ற வர்ஜீனியா என்ன ஆனது? அடுத்த வருஷம், 2019-ல், தேசியப் பட்டமே வென்றது.

ஆகவே நண்பர்களே, நெருக்கமா ஆதிக்கமா என்று இரண்டாகப் பிரிப்பதே சரியில்லை. பெரிய அணி ஒரு அளவுகோல். அளவுகோல் இருந்தால்தான் யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று தெரியும். அதை எடுத்துவிட்டு ஆடினால் என்ன ஆகும்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிற கதைதான். கோப்பை கிடைக்கும். ஆனால் வாங்குகிறவனுக்கே மனசுக்குள் தெரியும், அந்த இரண்டு பேர் வரவில்லை என்று.

பெரிய அணியை விதி போட்டு அடக்கலாமா என்றும் அமெரிக்காவில் பார்த்தார்கள். யு.சி.எல்.ஏ.வின் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார், ஏழடிக்கு மேல் உயரம். 1967-ல் அவருடைய முதல் பட்டம் முடிந்த கையோடு, பந்தை வளையத்துக்குள் திணிக்கும் 'டங்க்' தடை செய்யப்பட்டது. அவரை நினைத்துத்தான் அந்த விதி என்று பலர் பேசினார்கள். பலன்? 1968, 1969 இரண்டு பட்டங்களும் யு.சி.எல்.ஏ.வுக்கே. டங்க் போனால் போகட்டும் என்று ஒரு கையை உயர்த்தி எட்டாத உயரத்திலிருந்து பந்தை வளைத்துப் போடும் 'ஸ்கை ஹுக்' கலையில் அவர் மன்னரானார். தடை நீங்க 1976 ஆயிற்று. வல்லவனைக் கட்டிப்போடப் போனால் அவன் இன்னும் வல்லவனாகிறான், அவ்வளவுதான்.

தங்கைகள் இருக்கிறார்கள், அவர்கள் கவனிக்க வேண்டிய கதை ஒன்று சொல்கிறேன். மகளிர் கூடைப்பந்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2013 முதல் 2016 வரை நான்கு பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. 2016 மார்ச்சில் தேசியப் போட்டியில் அவர்கள் மிசிசிப்பி ஸ்டேட் அணியைத் தோற்கடித்த ஸ்கோர் 98-38. அறுபது பாயிண்ட்! நம் 91-38 அதன் பக்கத்தில் கௌரவமான தோல்வி. 'இந்த அணி மகளிர் ஆட்டத்தையே கெடுக்கிறது, யார் பார்ப்பார்கள்' என்று அப்போது ஒரு பத்திரிகையாளர் எழுதினார். பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா, 'பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம், டைகர் உட்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்தபோது மற்ற கோல்ஃப் வீரர்கள் தங்கள் தரத்தை உயர்த்த வேண்டி வந்ததே' என்ற கருத்தில் பதில் சொன்னார்.

சுமார் ஒரு வருஷம் கழித்து, 2017 மார்ச் 31 அன்று, அதே இரண்டு அணிகள் அரையிறுதியில் மோதின. கனெக்டிகட் அப்போது 111 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரமும் 64-64 என்று கடைசி நொடிக்கு வந்தது. மிசிசிப்பி ஸ்டேட்டின் மார்கன் வில்லியம், 5 அடி 5 அங்குலம்தான் உயரம், எகிறிப் போட்டார். 66-64. இறுதி ஆட்டத்தில் அவர்கள் தென் கரோலினாவிடம் 67-55 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். அறுபது பாயிண்டில் தோற்ற அணி ஒரே வருஷத்தில் அந்த அணியையே வென்றது. 2016-க்குப் பிறகு யாராவது கருணை காட்டி, "பாவம், இவர்களுக்குக் கனெக்டிகட் வேண்டாம்" என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த நொடி கிடைத்திருக்குமா?

கூட்டம் வராது என்ற பயத்துக்கும் ஒரு பதில். 2023 அரையிறுதியில், அந்தப் பருவத்தில் 36 ஆட்டம் தோற்காத தென் கரோலினாவை அயோவா 77-73 என்று வென்றது. 2024 இறுதி ஆட்டத்தில் திரும்பவும் தோல்வியே காணாத தென் கரோலினா, எதிரே அதே அயோவா. தென் கரோலினா 87-75 என்று ஜெயித்தது. அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வருஷத்து ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 48 லட்சம். மகளிர் இறுதி ஆட்டம் ஆண்களுடையதை முந்தியது அதுதான் முதல் முறை. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் என்ற வீராங்கனைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவருக்கு எதிரே ஒரு மலை நின்றதும் ஒரு காரணம்தானே?

சரி, பெரியவனை ஒதுக்காமல் சின்னவனை அங்கே எப்படிக் காப்பாற்றினார்கள்? போட்டியின் அமைப்பை மாற்றினார்கள். யு.சி.எல்.ஏ. ஆண்ட காலத்தில் தேசியப் போட்டியில் 22 முதல் 25 அணிகள்தான். ஒரு வட்டாரத்தில் முதலிடம் வந்தவர்களுக்கே இடம். இரண்டாவதாக வந்த பலமான அணிகள் வீட்டில் உட்கார்ந்திருந்தன. 1975-ல் 32 அணிகளாக்கி, இரண்டாம் இடத்தவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். 1985-ல் 64, 2011-ல் 68 என்று வளர்ந்தது. 1973-க்குப் பிறகு 2025 வரை, ஆண்களில் எந்த அணியும் தொடர்ந்து மூன்று பட்டம் வென்றதில்லை. யாரையும் வெளியே தள்ளாமலே நடந்த மாற்றம் இது.

அதோடு, தேசியப் போட்டிக்கு வரும் சின்ன அணிகூட அதற்கு முன் சுமார் 30 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வருகிறது. அதில் பெரும்பகுதி தன் பலத்துக்கு ஒத்த வட்டார அணிகளோடு. பிறகு தரவரிசைப்படி, பெரிய அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றையொன்று அழிக்காதபடி தனித்தனி மண்டலங்களில் வைக்கிறார்கள். முதல் சுற்றில் 1-க்கும் 16-க்கும் ஆட்டம் இருக்கிற அதே நாளில் 8-க்கும் 9-க்கும் ஆட்டம் இருக்கும். அது கிட்டத்தட்ட சமபலம். இரண்டு வகை ஆட்டமும் ஒரே பந்தலில்.

நம் போட்டியில் கோளாறு எங்கே என்று இப்போது சொல்லிவிடலாம். 16 அணி, நாக்-அவுட், சீட்டுக் குலுக்கல். மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றோடு எட்டு அணி மூட்டை கட்டுகிறது. இராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த பையனுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம், அதுவும் குலுக்கலில் அந்தப் பெரிய அணி வந்து விழுந்தால் நாற்பது நிமிட உதை. அவனுக்கு உதை வாங்கியது குறை இல்லை, திருப்பி ஆட இன்னொரு ஆட்டம் இல்லாததுதான் குறை.

என் யோசனை இதுதான். 16 அணிகளை நாலு நாலாக நான்கு பிரிவாக்குவோம். கோப்பை வென்று பழகிய அந்த இரண்டு அணிகளையும் வேறு வேறு பிரிவில், இறுதிக்கு முன் சந்திக்காதபடி வைப்போம். பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் மோதட்டும். ஆக, எந்த அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். ஒன்றில் உதை வாங்கினாலும் மற்ற இரண்டில் தன் பலத்துக்கு ஒத்தவனோடு மல்லுக்கட்டலாம். பிரிவுக்கு இரண்டு அணி காலிறுதிக்கு. கணக்கு: பிரிவு ஆட்டம் 24, காலிறுதியிலிருந்து 7, மொத்தம் 31. இப்போது நடப்பதைவிட 16 ஆட்டம் கூடுதல். இரண்டு கோர்ட்டில் நாளுக்கு எட்டு ஆட்டம் என்று வைத்தால் பிரிவு ஆட்டங்கள் மூன்று நாளில் முடியும். ஐந்தாம் நாள் மாலை இறுதி ஆட்டம்.

ஐந்து நாள் என்றால் செலவு உண்டு. நடுவர்களுக்குப் படி, 16 அணிக்குச் சாப்பாடு, விடுதி, ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கு. இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் முகத்தில் சிரிப்பு குறைவது தெரிகிறது. கோப்பைக்குப் பணம் கொடுக்க நம்மிடையே ஆள் உண்டு, அதில் பெயர் பொறிப்பார்கள். இந்த வருஷம் பெயர் பொறிக்க முடியாத இட்லிக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்கைப் பொருளாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன், ரசீதும் வாங்கிவிட்டேன்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷம் அந்த அணியோடு திரும்பவும் மோத வேண்டி வரலாம். ஒரே வருஷத்தில் 66-64 வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். 91-38 என்பது 80-55 ஆனால்கூட, எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை அளந்து காட்ட அந்த அணியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே அவர்களுக்கு அழைப்பிதழை முதல் தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

மணி பன்னிரண்டே முக்கால். சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது.